மின்கிட்டார் ஒலிப்பதிவில் ஒலிவாங்கித் தேர்வின் வரலாறு

மின்கிட்டாரின் ஒலியைப் பதிவு செய்ய அதன் ஆம்ப்ளிஃபையருக்கு முன் எந்த ஒலிவாங்கியை வைப்பது, எவ்வளவு தொலைவில் வைப்பது என்பவை ராக் இசையின் ஒலியைத் தீர்மானித்த கேள்விகள். 1930களில் மின்கிட்டார் அறிமுகமானபோது இதற்கெனத் தனியாக ஒலிவாங்கி எதுவும் உருவாக்கப்படவில்லை. பேச்சுக்கும் பாட்டுக்கும் இசைக்குழுக்களுக்கும் பயன்பட்டவையே இதற்கும் பயன்பட்டன. இன்று கிட்டார் ஒலிப்பதிவில் முதலில் நினைவுக்கு வரும் ஷூர் எஸ்எம்57 ஒலிவாங்கியும் கிட்டாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. ஒலிபரப்பு நிலையங்களுக்காகவும் ஒலிப்பதிவுக்கூடங்களுக்காகவும் அது 1965-இல் விற்பனைக்கு வந்தது. கருவியை வடிவமைத்தவர்களின் நோக்கத்தையும் கூடங்களின் விதிகளையும் தாண்டி, இசைக்கலைஞர்களும் ஒலிப்பதிவாளர்களும் கேட்டுக் கேட்டுத் தேர்ந்தவையே பின்னர் வழக்கமாயின.

ஆம்ப்ளிஃபையர் என்னும் பாதிக் கருவி

அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய மின்கிட்டார், அதன் வடிவத்தால் 'வாணலி' என்று செல்லப்பெயர் பெற்றது. கம்பியின் அதிர்வைக் காந்தமும் சுருளும் மின்குறிப்பாக மாற்ற, ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கி ஸ்பீக்கர் வழியே ஒலியாக்கியது. 1936-இல் கிப்சன் நிறுவனம் இஎஸ்-150 கிட்டாரை வெளியிட்டது. 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், அந்தக் கிட்டாரைக் கொண்டு ஜாஸ் இசையில் கிட்டாருக்குத் தனிக்குரல் தேடித் தந்தார்.

அக்காலத்தில் ஆம்ப்ளிஃபையரின் வேலை எளிமையானது. டிரம்பெட்டுக்கும் சாக்சஃபோனுக்கும் நடுவே கிட்டார் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒலிப்பதிவும் அதற்கேற்ப நடந்தது. குழு முழுவதும் ஒரே அறையில் அமர்ந்து வாசிக்கும். ஒன்றோ சிலவோ ஒலிவாங்கிகள் அந்த அறையின் ஒலியை மொத்தமாக வாங்கிக்கொள்ளும். கிட்டார் அதிகமாகக் கேட்டால் ஆம்ப்ளிஃபையரைச் சற்றுத் தள்ளி வைப்பார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த நிலை மாறியது. கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1946-இல் தொடங்கிய நிறுவனம் ஆம்ப்ளிஃபையர்களையும், 1950களின் தொடக்கத்தில் திண்ம உடல் கொண்ட டெலிகாஸ்டர் கிட்டாரையும், 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. வெற்றிடக் குழாய்களால் இயங்கிய அந்த ஆம்ப்ளிஃபையர்களை அவற்றின் அளவை மீறி முடுக்கினால் ஒலி கரகரத்தது. பொறியாளர்கள் அதைத் திரிபு என்றார்கள். கிட்டார் கலைஞர்கள் அதை விரும்பத் தொடங்கினார்கள்.

1951-இல் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸ் பதிவு செய்த 'ராக்கெட் 88' பாடலில் கேட்கும் கரகரப்பு, வழியில் பழுதடைந்த ஆம்ப்ளிஃபையருக்குள் காகிதத்தைத் திணித்ததால் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1958-இல் லிங்க் ரே 'ரம்பிள்' என்னும் இசைத்துண்டுக்காக ஸ்பீக்கர் கூம்பில் துளையிட்டார். 1964-இல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 'யூ ரியலி காட் மீ' பாடலுக்காகத் தன் சிறிய ஆம்ப்ளிஃபையரின் கூம்பைச் சவர பிளேடால் கீறினார்.

இந்நிகழ்வுகளின் பொருள் ஒன்றே. கிட்டாரின் ஒலி கம்பியோடு முடிந்துவிடவில்லை. ஆம்ப்ளிஃபையரின் குழாய்கள், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு, அது பொருத்தப்பட்ட மரப்பெட்டி ஆகியவை கருவியின் மறுபாதியாயின. ஒலிவாங்கி பதிவு செய்ய வேண்டியது கம்பியின் அதிர்வை அல்ல, அந்தக் கூம்பின் முன் அசையும் காற்றை.

மூவகை ஒலிவாங்கிகள்

கிட்டார் பதிவுக்குக் கூடங்களில் கிடைத்த ஒலிவாங்கிகள் மூன்று வகைப்பட்டவை.

முதலாவது ரிப்பன் வகை. இதில் காந்த முனைகளுக்கு நடுவே மிக மெல்லிய அலுமினியத் தாள் ஒன்று தொங்குகிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு அளவே. காற்று அசையும்போது தாளும் அசைந்து மின்குறிப்பைத் தருகிறது. ஆர்சிஏ நிறுவனத்தில் ஹாரி ஓல்சன் உருவாக்கிய 44 வரிசை இவ்வகையில் புகழ்பெற்றது. இதன் ஒலி கனிவானது. மேல்சுருதிகளில் கூச்சம் தராது. ஆனால் பலமான காற்று ஒருமுறை வீசினால் தாள் நெளிந்துவிடும், கிழிந்தும்விடும்.

இரண்டாவது கண்டென்சர் வகை. மின்னூட்டம் பெற்ற மெல்லிய சவ்வு ஒரு தகட்டுக்கு அருகில் அதிர்வதால் இது இயங்குகிறது. பெர்லினின் நாய்மான் நிறுவனம் 1949-இல் வெளியிட்ட யு47, 1960-இல் வெளியிட்ட யு67 ஆகியவை பெரிய கூடங்களின் பெருமையாக விளங்கின. மிக நுண்ணிய ஒலியையும் இவ்வகை வாங்கும். அதே நுண்மையால் பேரொலிக்கு முன் எளிதில் திணறும். யு67-இல் ஒலியை 10 டெசிபல் குறைத்து வாங்க ஒரு விசை பொருத்தப்பட்டிருந்ததே இச்சிக்கலைக் காட்டும்.

மூன்றாவது டைனமிக் வகை. சவ்வில் ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்குறிப்பை உண்டாக்குகிறது. ஸ்பீக்கரும் இதே அமைப்புதான், இயங்கும் திசை மட்டும் தலைகீழ். 1966-இல் பீட்டில்ஸ் குழுவின் 'பேப்பர்பேக் ரைட்டர்' பாடலில் பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டாரைப் பதிவு செய்ய, லண்டன் இஎம்ஐ கூடத்தின் பொறியாளர் கென் டவுன்சென்ட் ஒரு ஸ்பீக்கரையே ஒலிவாங்கியாக இணைத்தார். டைனமிக் ஒலிவாங்கி நுண்மையில் மற்ற இரண்டுக்கும் பின்தங்கியது. ஆனால் விலை குறைவு, உறுதி அதிகம், பேரொலிக்கு அஞ்சாதது.

கூடத்தின் விதிகளும் 1966-ஆம் ஆண்டும்

1960களின் தொடக்கம் வரை பெரிய ஒலிப்பதிவுக்கூடங்கள் ஆய்வகங்களைப் போல நடத்தப்பட்டன. இஎம்ஐ நிறுவனத்தின் லண்டன் கூடத்தில் தொழில்நுட்பப் பணியாளர்கள் வெள்ளை மேலங்கி அணிந்து வேலை செய்தார்கள். விலையுயர்ந்த ஒலிவாங்கிகளைக் காக்க விதிகள் இருந்தன. பதிவாகும் ஒலி திரிபின்றி இருக்க வேண்டும் என்பதே நல்ல பதிவுக்கு இலக்கணம். இந்த இலக்கணத்துக்கும் புதிய கிட்டார் இசைக்கும் இடையே மோதல் தவிர்க்க முடியாததாயிற்று.

மோதலின் ஒரு பக்கம் ஒலியின் அளவு. லண்டன் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்ப்ளிஃபையரை முன்மாதிரியாகக் கொண்டு 1960களின் தொடக்கத்தில் தன் ஆம்ப்ளிஃபையர்களைச் செய்யத் தொடங்கினார். 1965-இல் தி ஹூ குழுவினர் இன்னும் பலமான ஒலியைக் கேட்க, 100 வாட் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகளும் பிறந்தன. 1 வாட்டில் 1 மீட்டர் தொலைவில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 100 வாட் செலுத்தினால் கணக்குப்படி 117 டெசிபல் தரும். ஒலிவாங்கியைக் கூம்புக்குச் சில சென்டிமீட்டர் அருகில் கொண்டுபோனால் அழுத்தம் இன்னும் கூடும்.

1966-இல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழு லண்டன் டெக்கா கூடத்துக்குப் பதிவுக்காக வந்தது. எரிக் கிளாப்டன் தன் கிப்சன் லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, மேடையில் வாசிக்கும் அளவிலேயே ஒலியை வைத்தார். ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜனுக்கு அது வழக்கத்துக்கு மாறான பேரொலி. கிளாப்டன் ஒலியைக் குறைக்கவில்லை. ஒலிவாங்கியை ஆம்ப்ளிஃபையரிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார். ஒலியைக் குறைத்தால் குழாய்கள் முடுக்கம் பெறாது, அவர் தேடிய ஒலியும் வராது. கூடத்தின் வசதிக்காகக் கருவியை மாற்றுவதா, கருவிக்காகக் கூடத்தின் பழக்கத்தை மாற்றுவதா என்ற கேள்விக்கு அன்று இரண்டாவது விடை கிடைத்தது. வெளிவந்த இசைத்தட்டு, கிட்டார் கலைஞர்களின் ஒரு தலைமுறைக்கே அளவுகோலாயிற்று. அந்த ஆம்ப்ளிஃபையர் வகைக்கும் 'புளூஸ்பிரேக்கர்' என்ற பெயரே நிலைத்தது.

மோதலின் மறுபக்கம் தொலைவு. அதே ஆண்டு இஎம்ஐ கூடத்தில் பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' இசைத்தட்டுக்கு ஒலிப்பதிவாளராகப் பொறுப்பேற்ற ஜெஃப் எமரிக்குக்கு வயது 20. மேளங்களுக்கும் ஊதுகருவிகளுக்கும் மிக அருகில் ஒலிவாங்கியை வைத்து அவர் பதிவு செய்தார். அப்படி வைப்பது நிறுவன விதிக்குப் புறம்பானது என்றும், பீட்டில்ஸ் பதிவுகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது என்றும் அவர் தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். கிளாப்டன் ஒலிவாங்கியைத் தள்ளி வைக்கச் சொன்னார், எமரிக் அருகே கொண்டுவந்தார். திசை வேறானாலும் இருவரும் மீறியது ஒரே எல்லையைத்தான். ஒலிவாங்கியின் இடத்தைக் கூடத்தின் விதி தீர்மானித்த காலம் முடிந்து, கேட்கும் காது தீர்மானிக்கும் காலம் தொடங்கியது.

ஷூர் எஸ்எம்57

இக்காலத்தில் அமெரிக்காவின் ஷூர் நிறுவனத்தில் உருவான ஒலிவாங்கி வேறொரு தேவைக்கானது. 1939-இல் அந்நிறுவனத்தின் பெஞ்சமின் பாவர் ஒரே உறுப்பைக் கொண்டு ஒருபக்க ஒலியை மட்டும் வாங்கும் டைனமிக் ஒலிவாங்கியை யுனிடைன் என்ற பெயரில் உருவாக்கினார். 1950களில் எர்னி சீலர் அதைச் சிறிதாக்கி, முனைப்பகுதியால் ஒலியை வாங்கும்படி மாற்றினார். யுனிடைன் 3 எனப்பட்ட இந்த உறுப்பு 1959-இல் 545 என்ற மாதிரியில் வந்தது. அதிலிருந்து மேம்படுத்தப்பட்டதே 1965-இன் எஸ்எம்57. பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் 'ஸ்டுடியோ மைக்ரோஃபோன்' என்பதன் சுருக்கம்.

யாருக்காக இது செய்யப்பட்டது என்பதை இதன் புறத்தோற்றமே சொல்கிறது. தொலைக்காட்சி ஒளிவிளக்குகளில் மினுங்காதபடி மங்கிய அடர்சாம்பல் வண்ணம். பேசுபவரின் கை தவறிப் பட்டுவிடாதபடி நிறுத்துவிசை இல்லாத உடல். அமெரிக்க அதிபரின் உரைமேடையில் லிண்டன் ஜான்சன் காலத்திலிருந்து இந்த ஒலிவாங்கி இடம்பெற்று வருகிறது.

இதன் குறைகளும் வெளிப்படையானவை. 40 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே இது வாங்குகிறது. அந்த எல்லைக்குள்ளும் அடிச்சுருதிகளைக் குறைத்தும் 5,000, 6,000 ஹெர்ட்ஸ் பகுதியை உயர்த்தியும் தருகிறது. பேச்சில் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதற்கு இந்த ஏற்றம் உதவும். வீணையையோ வயலினையோ உள்ளது உள்ளபடி பதிவு செய்ய விரும்புபவர் இதைத் தேர மாட்டார்.

கிட்டார் ஸ்பீக்கருக்கு முன் இக்குறைகள் பொருட்டாகவில்லை. மார்ஷல் பெட்டிகளில் பரவலாகப் பொருத்தப்பட்ட செலஸ்டியன் நிறுவனத்தின் 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 75 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையே செவ்வையாக ஒலிக்கும். கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஆகவே ஒலிவாங்கியால் வாங்க முடியாத பகுதிகளில் ஸ்பீக்கரும் பெரிதாக எதையும் தருவதில்லை. ஒலிவாங்கி குறைக்கும் அடிச்சுருதி, அதை ஸ்பீக்கருக்கு மிக அருகில் வைக்கும்போது திரும்பக் கிடைக்கிறது; ஒருபக்க ஒலிவாங்கிகள் அனைத்துக்கும் உள்ள இயல்பு அது. பேச்சுக்காக உயர்த்தப்பட்ட பகுதியோ, மேளத்துக்கும் பாட்டுக்கும் நடுவே கிட்டாரை முன்னே எடுத்துக்காட்டுகிறது. சீலர் செவ்வியல் இசையை விரும்பியவர், ராக் இசையை வெறுத்தவர் என்று ஷூர் நிறுவன வரலாற்றில் சொல்லப்படுகிறது. அவர் பேச்சுக்காகச் செய்த தேர்வுகள் அந்த இசைக்கே மிகப் பொருந்திப் போயின.

தடங்கள் பெருகிய காலம்

எஸ்எம்57 போன்ற டைனமிக் ஒலிவாங்கிகள் கூடங்களில் நிலைபெற, நாடாப்பதிவின் வளர்ச்சி முக்கியக் காரணம். இஎம்ஐ கூடத்தில் 1963-இல் பீட்டில்ஸ் பதிவுகள் 4 தடங்களுக்கும், 1968-இல் 8 தடங்களுக்கும் மாறின. 1970களில் 16, 24 தடங்கள் இயல்பாயின. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தடம் என்றானபின், ஒரு கருவியின் ஒலி மற்றொன்றின் தடத்தில் கசியக் கூடாது. அதற்கு எளிய வழி ஒலிவாங்கியைக் கருவிக்கு மிக அருகில் வைப்பது. கிட்டாரைப் பொறுத்தவரை ஸ்பீக்கரை மூடிய துணிக்கு ஒட்டினாற்போல வைப்பது.

அவ்வளவு அருகில் ரிப்பனை வைக்கத் தயங்கினார்கள். கண்டென்சரை வைத்தால் ஒலி திரியலாம். டைனமிக் ஒலிவாங்கியை அச்சமின்றி வைக்கலாம். கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மேடைக் கச்சேரிகளிலும் இதே தேவை இருந்ததால், ஊர் ஊராகச் செல்லும் குழுக்களின் பெட்டிகளில் எஸ்எம்57 இடம்பிடித்தது. மேடையில் கேட்ட ஒலியைக் கூடத்திலும், கூடத்தில் பதிவான ஒலியை மேடையிலும் எதிர்பார்க்கும் பழக்கம் அந்த ஒலியையே கிட்டாரின் இயல்பான ஒலியாக நிலைநிறுத்தியது. 1960-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எம்டி421 இதே வகையில் எஸ்எம்57-க்கு மாற்றாகவும் துணையாகவும் பயன்பட்டது.

சில சென்டிமீட்டர் வேறுபாடு

ஒலிவாங்கி அருகே வந்தபின், எதைத் தேர்வது என்பதைவிட எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வியாயிற்று. இதற்கு ஸ்பீக்கர் கூம்பின் இயற்பியல் காரணம். 12 அங்குலக் கூம்பு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர். கூம்பைவிட அலை சிறிதாகும்போது ஒலி எல்லாப் பக்கமும் பரவாமல் கைவிளக்கின் ஒளிக்கற்றை போல நேராகச் செல்கிறது. எனவே கூம்பின் நடுவுக்கு நேரே வைத்த ஒலிவாங்கி கூர்மையான ஒலியைத் தரும். அதை ஓரத்தை நோக்கி இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினாலும் ஒலி மென்மையாகும்.

கிட்டார் கலைஞர்கள் பதிவைக் கேட்டுவிட்டு 'இது என் ஒலியே இல்லை' என்று குறைப்படுவதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் தரையில் இருக்க, கலைஞர் அதற்கு மேலே, சற்றுத் தள்ளி நின்று வாசிக்கிறார். ஒளிக்கற்றை போன்ற மேல்சுருதிகள் அவர் முழங்காலைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. அவர் காதுக்கு எட்டுவது மென்மையான பக்கவாட்டு ஒலியும் அறையின் எதிரொலியும். ஒலிவாங்கி கேட்பதோ கூம்பின் நேர்முன்னால் உள்ள ஒலி. இரண்டும் உண்மையே, ஆனால் ஒன்றல்ல. ஒலிவாங்கியைத் தேர்வது என்பது இந்த இரண்டு உண்மைகளுக்கு இடையே ஓர் இடத்தைத் தேர்வதாகும்.

ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஒலிவாங்கிகளை வைக்கும் வழக்கமும் வளர்ந்தது. இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், 1,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 34 சென்டிமீட்டர். இரண்டு ஒலிவாங்கிகளும் தொலைவில் 17 சென்டிமீட்டர் வேறுபட்டால், ஒன்றில் அலை ஏறும்போது மற்றொன்றில் இறங்கும். சேர்த்துக் கேட்கையில் அந்தச் சுருதி தேய்ந்துபோகும். ஆகவே இரண்டின் உறுப்புகளையும் ஒரே தொலைவில் நிறுத்துவது பொது விதியாயிற்று. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் உள்ள ஸ்டுடியோ ஃபிரெட்மன் பெயரால் அறியப்படும் முறை இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டு எஸ்எம்57-களில் ஒன்றைக் கூம்புக்கு நேராகவும், மற்றொன்றை அதே தொலைவில் சாய்வாகவும் வைப்பது அம்முறை. மெட்டல் இசைப் பதிவுகளில் இது பரவலானது.

தொலைவைத் தேடியவர்கள்

எல்லாரும் அருகில் வைக்கும் முறையை ஏற்கவில்லை. கூடக் கலைஞராகப் பல ஆண்டுகள் பிறர் பாடல்களுக்கு வாசித்த ஜிம்மி பேஜ், ஒலிப்பதிவாளர்கள் மேளத்துக்கு மிக அருகில் ஒலிவாங்கியை வைத்து அதன் விரிவைக் கெடுப்பதைக் கண்டிருந்தார். லெட் செப்பலின் குழுவின் முதல் இசைத்தட்டை 1968-இல் லண்டன் ஒலிம்பிக் கூடத்தில் கிளின் ஜான்ஸ் பதிவு செய்தபோது அதன் தயாரிப்பாளர் பேஜ். ஆம்ப்ளிஃபையருக்கு முன் ஒன்றும், 20 அடி வரை தள்ளி மற்றொன்றுமாக ஒலிவாங்கிகளை வைப்பது அவர் முறை. 6 மீட்டர் தொலைவை ஒலி கடக்க ஏறத்தாழ 17 மில்லிநொடி ஆகும். இந்தச் சிறு தாமதமே பதிவில் அறையின் ஆழமாகக் கேட்கிறது.

அதே ஒலிம்பிக் கூடத்தில் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் பதிவுகளைச் செய்த எடி கிரேமர், கிட்டாருக்கு ரிப்பன் ஒலிவாங்கியைப் பயன்படுத்தினார். ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனத்தின் எம்160 அவர் விரும்பிய கருவி. இரண்டு ரிப்பன்களைக் கொண்ட இந்தச் சிறிய ஒலிவாங்கி, பழைய ரிப்பன்களைப் போல இருபக்க ஒலியை வாங்காமல் முன்பக்க ஒலியையே பெரிதும் வாங்கியது. ஹென்ட்ரிக்ஸின் ஒலியில் இருந்த கூர்மையை ரிப்பனின் கனிவு தணித்தது. யு67 போன்ற கண்டென்சர்களையும் கிரேமர் உடன் பயன்படுத்தினார்.

சிகாகோவின் ஸ்டீவ் அல்பீனி பின்னாளில் இந்த மரபைத் தன் வழியில் தொடர்ந்தார். ஒரே ஸ்பீக்கருக்கு முன் பிரகாசமான ஒலிவாங்கி ஒன்றையும் மங்கலான ஒன்றையும் வைத்து இரண்டையும் கலப்பது அவர் பழக்கம். மங்கலான ஒலிக்கு அவர் நாடியவற்றுள் ஒன்று கோல்ஸ் 4038 என்னும் ரிப்பன். 1950களில் பிபிசி வானொலி தன் தேவைக்காக வடிவமைத்தது.

ரிப்பனின் மீள்வரவு

1970, 80களில் ரிப்பன் ஒலிவாங்கிகள் பெரும்பாலான கூடங்களில் பின்தள்ளப்பட்டன. பழைய ஆர்சிஏ கருவிகள் பழுதுபட்டன. அவற்றைச் சீராக்கத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள். கணினிப்பதிவு 1990களில் பரவியபோது நிலைமை திரும்பியது. நாடா, மேல்சுருதிகளைச் சற்றே மழுக்கித் தந்தது. கணினியோ எதையும் மழுக்கவில்லை. அதனால் கிட்டாரின் கூச்சம் முன்னிலும் வெளிப்படையாகக் கேட்டது. ரிப்பனின் கனிவு மீண்டும் தேவைப்பட்டது.

1998-இல் டேவிட் ராயரின் வடிவமைப்பில் கலிஃபோர்னியாவில் ராயர் லேப்ஸ் வெளியிட்ட ஆர்-121 இந்த இடத்தை நிரப்பியது. அதன் ரிப்பன் காந்த இடைவெளியின் நடுவில் அல்லாமல் முன்பக்கம் நோக்கித் தள்ளி அமைக்கப்பட்டது. பேரொலியில் அசையும்போதும் தாள் காந்தப்புலத்தை விட்டு விலகாமல் இருக்க இது உதவியது. நியோடிமியம் காந்தத்தால் உடலும் சிறிதாயிற்று. கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்கு முன் அச்சமின்றி வைக்கத்தக்க ரிப்பன் இப்படிக் கிடைத்தது. ஆர்-121 ஒன்றையும் எஸ்எம்57 ஒன்றையும் ஒட்டி வைத்து, ஒன்றிலிருந்து உடலையும் மற்றொன்றிலிருந்து கூர்மையையும் எடுத்துக் கலப்பது 2000களில் பல கூடங்களின் வழக்கமானது. முதலாவதன் விலை ஆயிரம் டாலருக்கு மேல், இரண்டாவதன் விலை சுமார் 100 டாலர். இரண்டும் ஒரே தாங்கியில் அருகருகே நின்றன.

ஒலிவாங்கி இல்லாத பாதை

ஒலிவாங்கியே வேண்டாம் என்ற பாதையும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. லெஸ் பால் தன் கிட்டாரை நேரடியாகப் பதிவுக்கருவியில் இணைத்துப் பல பதிவுகளைச் செய்தார். 1968-இல் பீட்டில்ஸ் குழுவின் 'ரெவல்யூஷன்' தனித்தட்டுக்குக் கிட்டார்கள் ஆம்ப்ளிஃபையர் இன்றிக் கலவை மேசையில் நேரே செலுத்தப்பட்டன. மேசையின் உள்பெருக்கிகளை அளவுமீறி முடுக்கியே அந்தக் கரகரப்பு பெறப்பட்டது. 1980களில் டாம் ஷோல்ஸ் உருவாக்கிய ராக்மேன், கையடக்கப் பெட்டியில் ஆம்ப்ளிஃபையரும் ஒலிவாங்கியும் சேர்ந்த ஒலியைத் தர முயன்றது. 1998-இல் வந்த லைன் 6 நிறுவனத்தின் பாட், அதை எண்முறைக் கணிப்பால் செய்தது.

பின்னர் வந்த முறையில், ஓர் ஒலிவாங்கியை ஒரு ஸ்பீக்கருக்கு முன் வைத்து, அந்த இணை ஒரு குறுந்துடிப்புக்கு எப்படி எதிர்வினை தருகிறது என்பதைப் பதிவு செய்துகொள்கிறார்கள். அந்தப் பதிவைக் கொண்டு எந்தக் கிட்டார் ஒலியையும் அதே இணையின் வழியே சென்றதுபோல ஆக்கலாம். வீட்டின் ஓர் அறையில், அண்டை வீட்டாருக்குத் தொந்தரவில்லாமல், 100 வாட் ஆம்ப்ளிஃபையரின் ஒலியைப் பதிவு செய்ய இது வழிவகுத்தது. இந்த மென்பொருள்களைத் திறந்தால் ஸ்பீக்கரின் படத்துக்கு முன் ஒலிவாங்கியின் படமொன்று நிற்கும். அதை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தலாம், அருகிலிருந்து தொலைவுக்குத் தள்ளலாம். தேர்வுப் பட்டியலில் இருப்பவையோ பெரும்பாலும் பழைய பெயர்கள்: 57, 421, 121, 160, யு67.

மதிப்பீடு

இந்தத் துறையில் பழைய ஒலிவாங்கிகள் நீங்காமல் நிற்பதற்குப் பழமைப்பற்று மட்டும் காரணமல்ல. ராக் இசையைக் கேட்டு வளர்ந்தவர்களின் காதில் மின்கிட்டார் என்பது ஆம்ப்ளிஃபையரின் ஒலியாக மட்டும் பதியவில்லை; குறிப்பிட்ட சில ஒலிவாங்கிகளின் வழியே வந்த ஒலியாகவே பதிந்திருக்கிறது. அதைவிடத் துல்லியமான ஒலிவாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு இன்னும் உண்மையாக இருக்கக்கூடும், ஆனால் கேட்பவரின் நினைவுக்கு அந்நியமாகிவிடும்.

துல்லியமே ஒலிவாங்கிக்கு அழகு என்று கருதிய காலத்தில், பேச்சுக்கான கருவியைப் பேரொலிக்கு முன் வைத்தவர்களும், தாங்காது என்று கருதப்பட்ட ரிப்பனைத் துணிந்து பயன்படுத்தியவர்களும், ஒலியைக் குறைக்க மறுத்தவர்களும் தத்தம் காதையே சான்றாகக் கொண்டார்கள். அவர்களின் விதிமீறல்கள் பிற்காலத்துக்கு விதிகளாயின. இன்று கூடத்தில் முதல்நாள் வேலைக்கு வருபவருக்கு, 57-ஐ ஸ்பீக்கரின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே துணியை ஒட்டி வைக்கச் சொல்லித் தருகிறார்கள். அதோடு, வைத்தபின் உள்ளறைக்குச் சென்று கேட்டுவிட்டு வந்து மறுபடி நகர்த்தவும் சொல்லித் தருகிறார்கள்.